காரணம் புரியுது, பாக்கி என்னாச்சு? ஜோடிகளுக்கு கவுன்சிலிங் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜோடிகளை எதிர்ல உக்கார வச்சு பேச வைக்கிற கவுன்சிலர்களுக்கு,

வணக்கம். நாங்க ரெண்டு பேரும் உங்கள்ல ஒருத்தர்கிட்ட ஏழு மாசம் வந்தோம். பேர் சொல்லப்போறதில்ல, அவங்க கெட்டவங்களும் இல்ல, ஒவ்வொரு தடவையும் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பி வச்சவங்க. ஆனா அந்த ஏழு மாசத்துல அவங்க சொன்ன ரெண்டு வாக்கியம் எங்க வீட்டுக்குள்ள வந்து ரெண்டு வருஷம் குடியிருந்துச்சு, அதை காலி பண்ண வைக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், அதான் இந்த மடல்.

முதல் வாக்கியம் என் வீட்டுக்காரரைப் பத்தி என்கிட்ட சொன்னது. "அவருக்கு ஆட்டிசம் இருக்கும்மா, மத்தவங்க மனசு அவருக்கு புரியாது, நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." ரெண்டாவதும் என்கிட்ட சொன்னதுதான். நான் இன்ஷூரன்ஸ் கட்ட மறந்து தேதி தாண்டிப்போன கதையை என் வீட்டுக்காரர் சொன்னப்ப, "ஏம்மா, ஒரு லேடி நீங்க, இதெல்லாம் ஞாபகம் வச்சுக்க வேணாமா, ஒரு டைரி போடுங்க."

இதுல என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க, ஒரு தகவலை விட்டுட்டேன் (விட்டுடுற ஆள்தான் நான்). எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்த திணறுற மூளை. என் ரிப்போர்ட் அந்த மேஜை மேல அவரோட ரிப்போர்ட்டுக்கு பக்கத்துலயே இருந்துச்சு. ஒரே மேஜை, ரெண்டு பேப்பர். அவர் பேப்பர் விடுதலைப் பத்திரம் ஆயிடுச்சு, என் பேப்பரை யாரும் புரட்டிக்கூட பாக்கல.

உடனே அவருக்கு குடுத்த சலுகையை எனக்கும் குடுங்கன்னு கேக்க வந்திருக்கேன்னு நினைச்சுடாதீங்க. அந்த சலுகையே எங்க ரெண்டு பேருக்கும் வேணாம். ஏன் வேணாம்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

எங்களைப் பத்தி கொஞ்சம். எனக்கு 36 வயசுல டயக்னோசிஸ் வந்துச்சு, அவருக்கு அடுத்த வருஷம், 41ல. இவ்ளோ லேட்டாவான்னு நீங்களே கேட்டீங்க. நாங்க ஸ்கூல் படிச்ச காலத்துல ஏடிஹெச்டின்னா பெஞ்ச் மேல ஏறி குதிக்கிற பையன், ஆட்டிசம்னா பேச்சே வராத குழந்தை, நடுவுல இருந்த எங்களுக்கெல்லாம் பகல்கனவு காண்றவ, திமிர் புடிச்சவன்னு வேற பேருங்க இருந்துச்சு. மனநலத்துல எதுக்கு என்ன பேர்னு பாக்க நீங்க புரட்டுற டிஎஸ்எம் புத்தகமே 2013ல அஞ்சாவது பதிப்பு வந்தப்பதான் பெரியவங்களுக்கு ஏடிஹெச்டின்னு சொல்ல ஆறு அறிகுறிக்கு பதிலா அஞ்சு இருந்தா போதும்னு சொல்லுச்சு, 7 வயசுக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும்ங்கிறதை 12 வயசுன்னு தள்ளி வச்சுது, ஒரே ஆளுக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கலாம்னு ஒத்துக்கிட்டது, ஆட்டிசத்துல ஒரு வகைக்கு இருந்த அஸ்பெர்ஜர்ங்கிற தனிப் பேரை எடுத்துட்டு எல்லாரையும் ஒரே ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்ல சேத்துச்சு. உங்கள்ல சீனியரா இருக்குறவங்க படிச்சு முடிச்சு போர்டு மாட்டுனதுக்கு அப்புறம் நடந்தது இது. அதனால "பாத்தா அப்படி தெரியலையே"ன்னு சொல்றதை மட்டும் விட்டுடுங்க, ப்ளீஸ்.

சரி, முதல் வாக்கியம். மத்தவங்க மனசு அவருக்கு புரியாது.

எங்க சித்தி இறந்துட்டாங்கன்னு ஒரு நாள் ராத்திரி போன் வந்துச்சு. நான் அப்படியே தரையில உக்காந்து அழுறேன். இவர் கதவுகிட்ட வந்து நின்னார், ஒரு நிமிஷம் பாத்தார், போயிட்டார். அரை மணி நேரம் கழிச்சு திரும்பி வந்து, உன் போனை முழுசா சார்ஜ் போட்டுட்டேன், காலைல முதல் ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு, உன் ஆபீசுக்கு லீவ் மெயில் எழுதி டிராஃப்ட்ல வச்சிருக்கேன் பாத்துட்டு அனுப்புன்னு சொன்னார். அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே, பக்கத்துல வந்து ஒரு கை வைக்கத் தெரியாத மனுஷன் டிக்கெட் எடுத்து என்ன ஆகப்போகுதுன்னு ரயில் பூரா ஒரு வார்த்தை பேசாம வந்தேன். இந்தக் கதையை செஷன்ல சொன்னப்ப எங்க கவுன்சிலர் தலையாட்டிட்டு, பாத்தீங்களா, எம்பதி (அடுத்தவங்க வலியை தன் வலியா உணர்றது) இல்லன்னாங்க. எனக்கும் அப்ப அது இனிச்சுது, பொய் சொல்லல. என் பக்கம் ஒருத்தர் பேசுறாங்கன்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறுத்துச்சு. எம்பதி இல்லாத ஆளுக்கு அந்த ராத்திரியில என் ஆபீஸ் லீவ் எப்படிங்க ஞாபகம் வரும்? எனக்கே வரல அது.

இந்த "எம்பதி இல்ல" எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு தேடிப் பாத்தேன் (எங்களை மாதிரி ஆளுங்க தேட ஆரம்பிச்சா விடியுற வரைக்கும் தேடுவோம், அதுவும் ரிப்போர்ட்ல இருக்கு). 1985ல சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூணு பேரும் சேர்ந்து ஒரு சோதனை பண்ணாங்க. சாலி, ஆன்னு ரெண்டு பொம்மை. சாலி தன் கூடையில ஒரு கோலிகுண்டை வச்சுட்டு வெளிய போவா, ஆன் அதை எடுத்து தன் பெட்டிக்குள்ள போட்டுடுவா, சாலி திரும்பி வந்து எங்க தேடுவான்னு குழந்தைங்ககிட்ட கேள்வி. ஆட்டிசம் இருந்த 20 குழந்தைங்கள்ல 16 பேர் பெட்டியைக் காட்டுனாங்க. சரியா சொன்ன மிச்சம் 4 குழந்தைங்களைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. அந்த கோலிகுண்டுதான் உருண்டு உருண்டு இத்தனை வருஷம் கழிச்சு ஒரு கவுன்சிலிங் ரூம்ல என் வீட்டுக்காரர் கால்ல வந்து முட்டியிருக்கு. பொம்மை எங்க தேடும்னு யூகிக்கிறது வேற, பொண்டாட்டி அழுதா வயித்தைப் பிசையிறது வேற, இதைக்கூட பிரிச்சுப் பாக்காம ஒரு ஆளுக்கு தீர்ப்பு எழுதிடலாமா?

2012ல டேமியன் மில்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரே ஆட்டிசம் உள்ளவர், இதைத் திருப்பிப் போட்டுக் காட்டுனார். புரியாமை ஒரு பக்கத்துல மட்டும் இல்ல, ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மத்தவங்களை புரியாத அளவுக்கு மத்தவங்களுக்கும் ஆட்டிசம் உள்ளவங்களை புரியல, இது ரெட்டை எம்பதி பிரச்சனைன்னார். அப்புறம் 2020ல கேத்தரின் கிராம்ப்டன்னு எடின்பரோவுல இருக்குறவங்க டீம், நாம சின்ன வயசுல காதுல ரகசியம் சொல்லி விளையாடுவோமே, அந்த மாதிரி எட்டு எட்டு பேரா உக்கார வச்சு ஒரு கதையை கடத்த விட்டாங்க. எல்லாரும் ஆட்டிசம் உள்ளவங்களா இருந்த வரிசையிலயும், யாருக்குமே இல்லாத வரிசையிலயும் கதை ஒரே அளவுக்கு பத்திரமா போச்சு, கலந்து உக்கார வச்ச வரிசையிலதான் அதிகமா சிதறுச்சு. 2025ல 300க்கும் மேல ஆளுங்களை வச்சு பெரிசா திரும்ப பண்ணப்ப கலந்த வரிசையிலயும் அந்த வித்தியாசம் தெரியலைங்கிறதையும் சொல்லிடணும், எனக்கு வசதியா இருக்குறதை மட்டும் சொன்னா நான் உங்களை குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு தடவையும் ஆட்டிசம் உள்ளவங்களால விஷயத்தை சரியா கடத்த முடிஞ்சுது. "அவருக்கு வராது"ங்கிறதுக்கு அங்க இடமே இல்ல.

இன்னொண்ணு, நீங்க செஷனுக்கு செஷன் அவர்கிட்ட "இப்ப உங்களுக்கு என்ன ஃபீல் ஆகுது"ன்னு கேப்பீங்க, அவர் முழிப்பார். அதுக்கு அலெக்ஸிதைமியான்னு பேர் இருக்கு, தனக்குள்ள ஓடுற உணர்ச்சி எதுன்னு பேர் வைக்க முடியாம திணறுறது, பீட்டர் சிஃப்னியோஸ்னு ஒரு மனநல மருத்துவர் 1970கள்ல வச்ச பேர். ஆட்டிசம் உள்ளவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கு, ஆட்டிசமே இல்லாத சிலருக்கும் இருக்கு. உணர்ச்சி இல்லாம இல்ல, வார்த்தை வரிசையில நின்னு வர லேட் ஆகுது. நீங்க புதன்கிழமை கேட்ட கேள்விக்கு அவர் வெள்ளிக்கிழமை எனக்கு மெயில்ல பதில் போட்டிருக்கார், ரெண்டு பாரா, படிச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன். உங்க ரூம்ல 50 நிமிஷம்தான், அதுக்குள்ள வராத பதிலை நீங்க இல்லாத பதில்னு எழுதிக்கிட்டீங்க.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு பண்ணேன், ரொம்ப சாதாரண விஷயம். ஒரு பேப்பர்ல எழுதி குடுத்தேன். நான் அழுதா பக்கத்துல வந்து உக்காருங்க, பேச வேணாம், தீர்வு சொல்ல வேணாம், பத்து நிமிஷம், அப்புறம் டிக்கெட் எடுங்க. அவர் கேட்டார், எந்தப் பக்கம் உக்காரணும்? இடது பக்கம்னு சொன்னேன். அன்னைலேர்ந்து இன்னை வரைக்கும் ஒரு தடவை கூட தவறல. இடது பக்கம். அப்ப "புரியாது"ன்னு சொன்னது நிஜமா, "யாரும் அவருக்கு புரியுற மாதிரி கேக்கல"ங்கிறது நிஜமா?

இதுவரைக்கும் படிச்சுட்டு, அப்ப உங்க வீட்டுக்காரர் தங்கம், கவுன்சிலர்தான் தப்புன்னு தோணலாம். அப்படியும் இல்ல.

உங்க வாக்கியத்துக்கு முன்னாடி ஒரு வழக்கம் இருந்துச்சு எங்ககிட்ட. சண்டை போட்டா ரெண்டு நாள் கழிச்சாவது ஒரு பேப்பர்ல எழுதி என் தலகாணி கீழ வைப்பார். கோணல் மாணலா இருக்கும், பாதி வரி கணக்கு வழக்கு மாதிரி இருக்கும், ஆனா எது தன் தப்புன்னு அதுல இருக்கும். "மத்தவங்க மனசு அவருக்கு புரியாது"ன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் பேப்பர் நின்னுபோச்சு. நான் கேட்டா "கவுன்சிலரே சொன்னாங்கல்ல, எனக்கு வராதுன்னு". அதையே ரெண்டு வருஷம் சொன்னார். எங்க அம்மா முன்னாடி என் வேலையைப் பத்தி மட்டமா பேசிட்டு அதே பதில், எங்க கல்யாண நாள் அன்னைக்கு போனை ஆஃப் பண்ணி வச்சுட்டு அதே பதில். அவருக்கு அது சொகுசா இருந்துச்சா? கொஞ்சம் இருந்திருக்கும், யாருக்குத்தான் இருக்காது. ஆனா ரொம்ப நாள் கழிச்சு அவரே சொன்னது இது, "வராதுன்னு படிச்சவங்க சொன்னதுக்கு அப்புறம், அதுவரைக்கும் நான் எழுதி வச்ச பேப்பரெல்லாம் நடிப்போன்னு தோணிடுச்சு." ஒரு மனுஷனுக்கு பொறுப்பு வேணாம்னு சொல்றது அவனுக்கு பண்ற உதவின்னு நினைச்சிருக்கீங்க, நீங்க அவர்கிட்டேர்ந்து எடுத்தது அவர் கஷ்டப்பட்டு தானா கண்டுபிடிச்ச ஒரு வழியை. அதுவும் யார் சார்பா? காயம் பட்டவ நான், பக்கத்து சேர்ல உக்காந்திருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்காம என் சார்புல நீங்க மன்னிச்சு விட்டுட்டீங்க.

இப்ப என் பங்கு. இதை எழுதாம விட்டா மடல் பொய்யாயிடும்.

நான் கத்துவேன். சின்னதா ஒரு குறை சொன்னா போதும், எனக்குள்ள எதோ அறுந்த மாதிரி ஆயிடும், ஒரு தடவை ரிமோட்டை சுவத்துல அடிச்சேன். ஏடிஹெச்டி உலகத்துல இதுக்கு ரிஜெக்‌ஷன் சென்சிட்டிவ் டிஸ்ஃபோரியான்னு ஒரு பேர் சுத்துது. டிஎஸ்எம்ல அது கிடையாது. வலி நிஜம்தான், ஆனா புத்தகத்துல ஏறாத ஒரு பேரை நான் மூணு பக்கம் பிரிண்ட் எடுத்து அவர் கையில குடுத்து, பாருங்க இதனாலதான் கத்துறேன்னு சொன்னேன், ஏதோ லைசென்ஸ் காட்டுற மாதிரி. அவருக்கு சத்தம்னா நிஜமாவே உடம்பு வலிக்கும், மிக்ஸி ஓடுனாலே காதைப் பொத்துறவர், நான் கத்துனா அவர் பாஷையே போயிடும், போர்வைக்குள்ள போய் ஹெட்ஃபோன் மாட்டிக்குவார், நான் கதவைத் தட்டி ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்கன்னு இன்னும் கத்துவேன். உங்ககிட்ட சொன்னப்ப சிரிச்சுட்டு "உள்ள வச்சுக்காம கொட்டிடுறது நல்லதுதான்"னீங்க. என்னையும் ஒரு வகையில மன்னிச்சு விட்டீங்க பாருங்க, அதுவும் அவர் சார்புல.

அன்னைக்கு ராத்திரி பக்கத்து ரூம்லேர்ந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. "மூணு பக்கமும் படிச்சேன். நீ ஏன் கத்துறேன்னு புரிஞ்சுடுச்சு. கத்துனது என் காதுல விழுந்துச்சே, அதுக்கு என்ன பண்றது?"

ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். பதில் இல்ல. நான் அதுவரைக்கும் காரணத்தை சொல்லிட்டா கணக்கு முடிஞ்சதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். அவசரத்துக்கு கடன் வாங்குனவன் "அவசரம் நிஜம்தாங்க, இதோ ஆஸ்பத்திரி சீட்டு"ன்னு காட்டிட்டா கடன் அடைஞ்சுடுமா? வட்டி வேணா தள்ளுபடி பண்ணலாம், தவணை வேணா நீட்டிக்கலாம், அதையும் கடன் குடுத்தவன்தான் சொல்லணும். எங்க வீட்டுல இப்ப இதுக்கு ஒரு வார்த்தை இருக்கு, பாக்கி. காரணம் புரியுது, பாக்கி என்னாச்சு? என் பாக்கிக்கு நான் பண்றது என்னன்னா, குரல் ஏறும்போது அவர் கையைத் தூக்குவார், நான் வாயை மூடிட்டு வீட்டை விட்டு வெளிய போய் நடக்கணும், தப்பிச்சு ஒரு கத்து கத்திட்டேன்னா அடுத்த நாள் நானா எழுதி குடுக்கணும், அவர் கேக்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை இன்னும் தோக்குறேன்.

ஜான் காட்மன்னு ஜோடிகளோட சண்டையை பல வருஷம் லேப்ல வச்சு பாத்தவர், நீங்களே அவர் பேரை அடிக்கடி சொல்வீங்க. சண்டையில இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐ தாண்டுனா அதுக்கு மேல பேசி பிரயோஜனம் இல்ல, குறைஞ்சது 20 நிமிஷமாவது விலகி இருங்கன்றது அவர் சொல்றது. சரிதான், ஆனா ஷட்டவுன் ஆன, அதாவது தாங்க முடியாம பேச்சே நின்னு உறைஞ்சுபோன ஒரு ஆளுக்கு 20 நிமிஷம் எந்த மூலைக்கு, இவருக்கு சில சமயம் ஒரு ராத்திரி முழுசும் வேணும். அப்ப இது ஷட்டவுனா, இல்ல என்னை தண்டிக்கிறதுக்காக பேசாம இருக்கிறாரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? நாங்க தடவித் தடவி கண்டுபிடிச்சது, போறப்ப பாக்காதீங்க, வர்றப்ப பாருங்க. திரும்பி வந்து விட்ட இடத்துலேர்ந்து அதே விஷயத்தைப் பேசுனா அது ஷட்டவுன். திரும்பி வந்து எதுவுமே நடக்காத மாதிரி "டிவி ரிமோட் எங்க"ன்னா, பேரு என்னவா இருந்தாலும் எனக்கு அது தப்பிச்சு ஓடுறதுதான். அதனால போர்வைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விரல் காட்டுனா காலைல பேசலாம், ரெண்டு விரல் காட்டுனா நாளைக்கு சாயங்காலம். பேச்சு போனாலும் விரல் இருக்குல்ல.

அடுத்து, நீங்க கண்டுக்கவே கண்டுக்காத விஷயம், வீட்டு வேலை. ரெண்டு பேர் கையிலயும் சீட்டு இருக்குற வீட்டுல பாத்திரத்தை யார் தேய்க்கிறது? ஒருத்தர்கிட்ட மட்டும் டயக்னோசிஸ் இருந்தா இன்னொருத்தர் தலையில கட்டிடலாம், உங்க ஃபார்முலா ஓடும். எங்க வீட்டுல ஓடல, ஓடாதப்பதான் ஃபார்முலாவே கோணல்னு தெரிஞ்சுது. மறதிக்காரி நான், என்கிட்டதான் எல்லாரோட பிறந்த நாள், பில் தேதி, எந்த மருந்து தீந்துபோச்சு, யாருக்கு திருப்பி போன் பண்ணணும்ங்கிற மொத்த சாவிக்கொத்தும் இருந்துச்சு, ஏன்னா நான் லேடி. தேதி, கணக்கு, பட்டியல்னா கரும்பு மாதிரி கடிக்கிற மனுஷன் அவர், அவர்கிட்ட ஒண்ணும் இல்ல, ஏன்னா அவருக்கு "புரியாது". இதை இருபது செஷனுக்கு மேல பாத்துட்டு இருந்தீங்க, ஒரு தடவையாவது இடம் மாத்திப் பாருங்கன்னு தோணலையா?

ஏடிஹெச்டியைப் பத்தி ரஸ்ஸல் பார்க்லிங்கிற சைக்காலஜிஸ்ட் வருஷக்கணக்கா சொல்லிட்டு வர்றது, என்ன பண்ணணும்னு தெரியாததுனால வர்ற பிரச்சனை இல்ல இது, தெரிஞ்சதை அந்த நேரத்துல செய்ய முடியாததுல வர்றது. அதனால எனக்கு புத்திமதி சொல்லி பிரயோஜனமே இல்ல, செய்ய வேண்டிய இடத்துல செய்ய வேண்டிய நேரத்துல எதாவது ஒண்ணு கண்ணு முன்னாடி நிக்கணும். டைரி வாங்குனேன், நீங்க சொன்ன மாதிரியே. டைரியை எங்க வச்சேன்னு மறந்துட்டேன். இப்ப தேதி எல்லாம் அவர்கிட்ட போயிடுச்சு, போன் பேசுறது, ஆளுங்களை சமாளிக்கிறது, திடீர்னு கெட்டுப்போனதை எல்லாம் ஓடிப்போய் பாக்குறது என்கிட்ட, பாத்திரம் ஆளுக்கு ஒரு நாள். என் நாள் அன்னைக்கு அவர் சும்மா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து புத்தகம் படிப்பார், ஆள் பக்கத்துல இருந்தா எனக்கு வேலை ஓடும், ஏன்னு கேக்காதீங்க ஓடும்.

சம்பந்தம் இல்லாம ஒண்ணு. நான் போடுற மாத்திரை மெத்தில்ஃபெனிடேட், அதை 1944ல முதல்ல தயாரிச்ச லியாண்ட்ரோ பானிஸோன்னு ஒரு கெமிஸ்ட், பொண்டாட்டி ரீட்டா பேரைத்தான் அதுக்கு ரிட்டாலின்னு வச்சாராம். இதைப் படிச்சுட்டு என் வீட்டுக்காரர் காலைல அஞ்சரை அலாரத்துக்கு என் பேரை வச்சிருக்கார். காதல்னு எடுத்துக்கிறதா, புகார்னு எடுத்துக்கிறதான்னு இன்னும் தெரியல.

உங்கள்லயே எதிர்ப்பக்கம் நிக்கிற ஒரு கூட்டம் இருக்கு, அவங்களையும் விட முடியாது. ஆட்டிசம் உள்ள புருஷனோட வாழ்ற பொண்ணுங்களுக்கு "கஸான்ட்ரா சின்ட்ரோம்"னு பேர் வைக்கிறவங்க. கிரேக்கக் கதையில நடக்கப்போறதை சரியா சொல்லியும் யாரும் நம்பாத பொண்ணு கஸான்ட்ரா. அந்த தனிமை எனக்குத் தெரியும், ரெண்டு வருஷம் வாழ்ந்திருக்கேன், யாரும் நம்பல. ஆனா இது டிஎஸ்எம்லயும் இல்ல, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11லயும் இல்ல, டயக்னோசிஸே இல்லாத ஒண்ணை டயக்னோசிஸ் மாதிரி பேசி, ஒரு மனுஷனை அவர் பொண்டாட்டிக்கு வந்த வியாதியா ஆக்கிடுறீங்க. ஒரு கூட்டம் பேப்பரைப் பாத்து விடுதலை பண்ணுது, இன்னொரு கூட்டம் அதே பேப்பரைப் பாத்து தண்டனை குடுக்குது. அந்த ஆள் என்ன பண்ணான், அப்புறம் என்ன பண்ணான்னு ரெண்டு கூட்டமும் கேக்கல.

அடி, மிரட்டல், பணத்தை கையில வச்சுக்கிட்டு ஆட்டுறது, போனை நோண்டுறது, வேணாம்னு சொன்னதுக்கு அப்புறமும் தொடுறது, இதெல்லாம் ஆட்டிசத்தோட அறிகுறியும் கிடையாது, ஏடிஹெச்டியோட அறிகுறியும் கிடையாது. இதுல நீங்க குழம்புற ஒரு இடம் இருக்கு. "ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட இப்படி கத்துறாரா? இல்லல்ல? அப்ப வீட்டுல வேணும்னேதான் பண்றார்"னு ஒரு சோதனை வச்சிருக்கீங்க. மெல்ட்டவுனுக்கு (தாங்குற அளவு தாண்டி கட்டுப்பாடு உடைஞ்சு வெடிக்கிறது) அது சரிப்பட்டு வராதுங்க. பகல் பூரா வெளிய இழுத்துப் புடிச்சு சாதாரண ஆள் மாதிரி மாஸ்க் போட்டு நடமாடுனவங்களுக்கு கதவை சாத்துனதும் அவிழும், பாதுகாப்பான இடம்னா அதுதான். அதனால எங்க நடந்துச்சுன்னு பாக்குறதை விட எப்ப நிக்குதுன்னு பாருங்க. மெல்ட்டவுன் கேட்டது கிடைச்சாலும் நிக்காது, தானா எரிஞ்சு அடங்கணும், அடங்குனதும் அந்த ஆளே துவண்டு கிடப்பார். எதிர்ல இருக்குறவங்க பணிஞ்சு போனதும் டக்குனு நிக்குதுன்னா அது வேற சமாச்சாரம், அதை ஸ்பெக்ட்ரம்னு சொல்லி மூடி வைக்காதீங்க. மெல்ட்டவுனாவே இருந்தாலும் அடுத்தவங்க பத்திரமா இல்லைன்னா முதல்ல பத்திரம், அப்புறம்தான் பேரு.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. எங்களை மாதிரி ஆளுங்க அடி வாங்குற பக்கத்துலயும் நிறைய இருக்கோம், அதுவும் எங்க டயக்னோசிஸை வச்சே. என் தோழி ஒருத்தி, அவளுக்கும் ஏடிஹெச்டி, அவ புருஷன் எதைப் பேசிட்டும் "நான் அப்படி சொல்லவே இல்ல, உனக்குத்தான் மறதி வியாதியாச்சே"ன்னுவான். நாலு வருஷம் அவ தன் ஞாபகத்தையே நம்பல. ஒரு நாள் ரகசியமா எழுதி வைக்க ஆரம்பிச்சா, பதினோரு வாரம் கழிச்சு படிச்சுப் பாத்தா, பெரும்பாலும் அவதான் சரி. அவங்க போன கவுன்சிலர் ஒரு தடவை கூட அவளைத் தனியா கூப்பிட்டுப் பேசல. ஜோடியா உக்கார வச்சு "வீட்டுல பயமா இருக்கா"ன்னு கேட்டா யாருங்க ஆமான்னு சொல்வாங்க? ஆளுக்கு ஒரு செஷன் தனித்தனியா பேசுங்க, அது உங்க பாடத்துலயே இருக்குற விஷயம்.

அப்புறம் சின்னச் சின்னதா சிலது. கேக்கப்போற கேள்வியை முந்தின நாளே எழுதி அனுப்புங்க. கண்ணைப் பாத்து பேசச் சொல்லாதீங்க, அவர் சுவத்தைப் பாத்தாதான் என் பேச்சு அவர் காதுல ஏறும், கண்ணைப் பாத்தா கண்ணு மட்டும்தான் தெரியுமாம். அந்த மினுக்குற டியூப்லைட்டை மாத்துங்க, ஏழு மாசம் அவர் அதைத்தான் கேட்டுட்டு இருந்தார், ஆமா, கேட்டுட்டு, அது சத்தம் போடும், உங்களுக்கு கேக்காது. நான் நடுவுல பேசுனா அடக்குங்க, அடக்குனா கோவிச்சுக்க மாட்டேன். அவர் சாரி சொல்ற விதத்துக்கு மார்க் போடாதீங்க, குரல் தழுதழுக்கல முகம் வாடலைன்னு. அடுத்த வாரம் என்ன மாத்தப்போறார்னு கேளுங்க, அடுத்த வாரம் மாத்துனாரான்னு என்னைக் கேளுங்க. என்கிட்டயும் அதே கேள்வி, அதே வரிசையில, அதே குரல்ல.

தலகாணி கீழ பேப்பர் இப்ப திரும்ப வருது, போன மாசத்துலேர்ந்து. முதல் பேப்பர்ல எங்க அம்மா முன்னாடி பேசுனதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு பதில் இருந்துச்சு, தேதி போட்டு, அன்னைக்கு நான் கட்டியிருந்த சேலை கலர் கூட எழுதி, இது தப்பு, உங்க அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்னு. அம்மாகிட்ட கேட்டா ஆமா போன் பண்ணாருன்னாங்க, ஒன்றரை நிமிஷம் பேசுனாராம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் நோட்டோட உக்காருவோம், அந்த வாரத்து பாக்கியைப் பாக்க. இப்ப எட்டு பத்து, அவர் வந்து உக்காந்து பேனாவை மூடி மூடி திறந்துட்டு இருக்கார், இன்னைக்கு முதல் வரி என்னோடது, செவ்வாய்க்கிழமை கதவை அடிச்சு சாத்துனது. போறேன்.

இப்படிக்கு,
உங்க மேஜை மேல யாரும் பிரிக்காம கிடந்த ரெண்டாவது ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரி